சியாங் மாயில் பகல் தூக்கத்துக்கு ஓர் இடம்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் எங்கே தங்கலாம் என்று தேடினால் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது: காபிக் கடைகள் நிறைந்த நிம்மான்ஹேமின் சாலை, சுருக்கமாக நிம்மான். பழமை பிடிக்கும் என்றால் அகழிக்குள் இருக்கும் பழைய நகரம். கையில் காசு கொஞ்சம் குறைவு என்றால் அதற்கு வடக்கே சாந்திதாம். பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் காலையில் எழுந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காபிக் கடைக்குப் போய், வெயில் சாய்வதற்குள் வேலையை முடித்துவிடுகிறவர்கள். இந்தச் சின்ன விஷயம்தான் எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது. நம் ஊரிலிருந்து ரிமோட் வேலையோடு போகிறவர்கள் பலருக்கு மேனேஜர் நியூ ஜெர்சியிலோ லண்டனிலோ இருக்கிறார். தினசரி ஸ்டாண்டப் மீட்டிங் எத்தனை மணிக்கு என்பதை இப்படிப் போகிறவர்கள் தீர்மானிப்பதில்லை. காபிக் கடையை வைத்து ஏரியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தக் கடை திறந்திருக்கும் நேரம் முழுக்கத் தூங்க முயன்று தோற்பவர்கள் இவர்கள்.

கணக்கைப் பார்த்துவிடலாம். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். இந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்தால் காலை 9:30 என்பது அங்கே 11 மணி. இதைவிட வசதி வேறு இல்லை. லண்டனுக்கு என்றால் கோடையில் பிற்பகல் 3 முதல் இரவு 11, குளிர்காலத்தில் 4 முதல் நள்ளிரவு. நியூயார்க்கின் 9 டு 5 என்பது அங்கே இரவு 8 முதல் விடிகாலை 4. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் இரவு 9 முதல் விடிகாலை 5. கலிபோர்னியா என்றால் இரவு 11 முதல் காலை 7, குளிர்காலத்தில் நள்ளிரவு முதல் காலை 8. ஆக, நியூயார்க்காரருக்கு வேலை பார்ப்பவர் சுமார் விடிகாலை 5 முதல் பிற்பகல் 1 வரை தூங்குவார். கலிபோர்னியாக்காரருக்குப் பார்ப்பவர் காலை 8 முதல் மாலை 4 வரை. வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நீங்கள் படுக்கும் நேரம், எழும் நேரம் என்ற இந்த இரண்டு எண்களை எழுதிக்கொள்வது நல்லது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதிலிருந்துதான் வரும்.

முதலில் அடிபடுவது சாப்பாடு. சியாங் மாயின் நல்ல காபிக் கடைகளில் பெரும்பாலானவை காலையில் திறந்து மாலை 5, 6 மணிக்கு மூடிவிடும். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்து போட்டிருக்கும் 'ஜே' கடைகள், அதாவது மீன் சாஸ்கூடச் சேர்க்காத சுத்த சைவக் கடைகள், இன்னும் மோசம். காலையில் தட்டுகளை அடுக்குவார்கள், மதியம் 2 மணி வாக்கில் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஒரு மணிக்கு எழுந்து பல் தேய்க்கிற சைவருக்கு அந்த ஏரியாவில் எத்தனை ஜே கடை இருந்தும் பிரயோசனமில்லை. அறையில் சமைத்துக்கொள்ளலாம் என்றால், 30 சதுர மீட்டர் ஸ்டுடியோக்களில் 'கிச்சன்' என்று காட்டுவது ஒரு தொட்டி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு மைக்ரோவேவ். கேஸ் அடுப்புக்கு அனுமதி கிடையாது, தாளித்த புகை போக வழியும் கிடையாது. பால்கனி கதவைத் திறந்து இண்டக்‌ஷன் அடுப்பை அங்கே வைத்துக்கொள்ள முடிகிற அறையா என்று பார்க்க வேண்டும். பால்கனியில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதைப் படத்தில் யாரும் காட்டுவதில்லை.

நைட் வேலைக்காரருக்கு உண்மையில் பயன்படும் கடைகள் வேறு. 24 மணி நேரமும் திறந்திருக்கும் செவன் இலெவன் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். பழைய நகரின் வடக்கு வாசலான சாங் புவாக் வாசலுக்கு எதிரே மாலையில் தொடங்கி நள்ளிரவுவரை நீளும் தள்ளுவண்டிச் சந்தை, இரவு ஷிப்டுக்கு முன் சாப்பிட ஏற்றது. சாந்திதாமுக்குப் பக்கத்தில் தனின் சந்தை. இவை இருக்கும் வட பக்கத்தை, காபிக் கடை கணக்கில் பார்க்கிறவர்கள் இரண்டாம் தரம் என்கிறார்கள். சாந்திதாம் என்ற பெயரே நமக்கு அந்நியமில்லை. சாந்தியும் தர்மமும் சேர்ந்து தாய் நாக்கில் உருண்டு வந்தது. பெயருக்கேற்ற சாந்தி எல்லாச் சந்துகளிலும் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மலை தெரியும் ஜன்னல்

எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளின் விளம்பரங்களில் 'மலைக் காட்சி' என்று ஒரு வரி இருக்கும். அதே கட்டடத்தில், அதே மாடியில், எதிர்ப்பக்க அறையைவிட மாதம் ஆயிரம், இரண்டாயிரம் பாட் (தாய்லாந்துப் பணம்) கூடுதல். காட்சி அழகுதான்: 1,676 மீட்டர் உயர தோய் சுதேப், மாலையில் அதன் பின்னால் சூரியன் இறங்குவது. இறங்குகிற சூரியன் தெரிகிறது என்றால் அந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது? மேற்கில். சியாங் மாயில் மலை தெரியும் ஜன்னல் என்பது மேற்கு பார்த்த ஜன்னல். ஏப்ரலில் 40 டிகிரி தொடுகிற ஊரில், பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்தக் கண்ணாடியில் நேர் வெயில் விழும். சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை திருப்பிக் கொடுக்கும். மொட்டை மாடிக்குக் கீழே படுத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரத்தில் மலையைப் பார்த்ததும் திசை மறந்துபோகிறது.

இதை யார் தாங்கலாம், யார் கூடாது என்பதற்கும் அந்த இரண்டு எண்கள்தான் பதில். 8 முதல் 4 வரை தூங்குகிற கலிபோர்னியா ஆளுக்கு மேற்கு ஜன்னல் தூக்கத்தின் பின்பாதியைத் தின்றுவிடும். லண்டன் ஆளுக்குத் தூக்கம் பிழைக்கும். ஆனால் மூன்று மணி மீட்டிங்கில் திரை தெரியாது, முகம் மட்டும் தகதகவென்று தெரியும். நியூயார்க் ஆளுக்கு மேற்கைவிடக் கிழக்குதான் வில்லன். அவர் படுத்து ஒரு மணி நேரத்துக்குள் விடிந்துவிடும்; விடிந்ததும் வெளிச்சம் நேரே கண்ணில் விழும். அதற்குச் சூட்டளவு சிரமமில்லை. சுவரோடு ஒட்டி விழும்படி, ஜன்னலைவிட இருபுறமும் ஒரு சாண் அகலமாக, இருட்டடிப்புத் திரை போட்டால் தீர்ந்தது. மேற்கு வெயிலுக்குத் திரை அரை மருந்துதான், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூட்டைத் திரை வெளியே அனுப்பாது. மூவருக்கும் பொதுவாகச் சரிப்படுவது வடக்கு பார்த்த அறை. நகரம் ஏறக்குறைய 18.8 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்குப் பக்கமாகத்தான் போகும். மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசிவரை மட்டும் உச்சி நேரத்தில் கொஞ்சம் வடக்கே சாயும். அதற்குள் மழைக்காலம் தொடங்கி, மேகம் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

திசையைத் தவறவிட்டால் கரண்ட் பில்லில் தெரியும். நம் ஊரில் வீட்டுக்காரர்கள் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிற அதே வித்தை அங்கேயும் உண்டு. அரசு விலை யூனிட்டுக்குச் சுமார் 4 முதல் 4.5 பாட் என்றால், அபார்ட்மெண்ட் நிர்வாகங்கள் 7, 8 பாட் போடும். ஐந்து அறைகளோ அதற்கு மேலோ வாடகைக்கு விடுகிறவர்கள் அடக்க விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2018இல் விதி வந்தது. அதன் பிறகும் 8 பாட் என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். வாடகை அறைகளில் இருக்கிற பழைய 1 டன் ஏசி வெயில் நேரத்தில் மணிக்கு 0.8 யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். பகல் தூக்கத்துக்குப் பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு 8 யூனிட், மாதம் 240. எட்டு பாட்டில் 1,920. நாலரை பாட்டில் 1,080. வாடகை பேசும்போது 500 பாட்டுக்கு மல்லுக்கட்டிவிட்டு இந்த 840ஐ விட்டுவிடுகிறார்கள். இரவில் தூங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் பாதிகூட வராது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏசியே வேண்டாம். மீட்டர் மின்வாரியத்தின் பெயரில் இருக்கிறதா, பில் நேராக வருகிறதா என்று கேட்பதுதான் சுருக்கமான வழி. தனி உரிமையாளரிடம் எடுக்கிற காண்டோக்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சப் மீட்டர் என்றால், ஏசியை ஒரு மணி நேரம் போட்டுவிட்டு மீட்டரைப் படித்துப் பாருங்கள்.

பகலின் சத்தம்

நிம்மானைப் பற்றி இன்னொன்று. சியாங் மாய் விமான நிலையம் பழைய நகரிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில், ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம். ஓடுபாதை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அந்தக் கோட்டை வடக்கே நீட்டினால் சுதேப் சாலை, பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஓரம், நிம்மானின் மேற்குச் சந்துகள். தெற்கே நீட்டினால் மே ஹியா. பகல் முழுக்க விமானம் தலைக்கு மேலேதான். 2023 நவம்பரிலிருந்து நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. விளம்பரப் படத்தில் சத்தம் தெரியாது. வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் தேவலை. பழைய நகரின் மேற்கு மதிலே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வந்துவிடுகிறது; சாந்திதாமும் தப்பிவிடுகிறது. நிம்மானிலேயே கிழக்குப் பக்கச் சந்துக்கும் மேற்குப் பக்கச் சந்துக்கும் வித்தியாசம் உண்டு.

பழைய நகரத்துக்கு வேறு சத்தம். அகழிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட விகாரைகள். அதிகாலை மணி, திருவிழாக்களில் ஒலிபெருக்கி. ஞாயிறு மாலை ராட்சதம்நோன் சாலையை அடைத்துச் சந்தை போடுவார்கள். அன்று சாப்பாடு டெலிவரிக்காரர் உங்கள் சந்துக்கு வர மாட்டார். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். நம் சித்திரைப் பிறப்பும் அதுவும் ஒரே கணக்கில் வருகிற புத்தாண்டுதான். மேஷத்தில் சூரியன் நுழைவதைக் கொண்டாடுகிறோம். அங்கே அகழித் தண்ணீரை மொண்டு மூன்று நாள் ஊரையே நனைப்பார்கள். அகழியோரம் அறை எடுத்தவர் அந்த மூன்று நாள் பகலில் தூங்குவதை மறந்துவிடலாம். வருஷத்துக்கு மூன்று நாளைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பக்கத்து மனையில் எழும் கட்டடம். காலை 8 மணிக்குத் தொடங்கும் கம்பி வெட்டும் சத்தம் பகல் தூக்கக்காரருக்கு ஆறு மாதத் தண்டனை. காலி மனை, தகர வேலி, புதிதாகக் குவித்த மணல் எதையாவது பக்கத்தில் பார்த்தால் அந்த அறையை விட்டுவிடுவது உத்தமம்.

நெட் விஷயத்தில் ஊர் நன்றாகவே இருக்கிறது. ஃபைபர் எல்லா ஏரியாவிலும் உண்டு. கேட்க வேண்டியது, உங்கள் அறைக்குள் தனி ஃபைபர் வருகிறதா, இல்லை வராந்தாவில் ஒரு ரவுட்டரை மாட்டி எட்டு அறைக்குப் பங்கு போடுகிறார்களா என்பதுதான். பங்கு நெட் நள்ளிரவுக்கு மேல் பறக்கும். எல்லோரும் படம் பார்க்கிற 8 மணி முதல் 11 மணி வரை தவழும். நியூயார்க்கின் காலை மீட்டிங்குகள் விழுவது சரியாக அந்த மூன்று மணி நேரத்தில். அறை பார்க்கப் போகும்போது பிற்பகல் வேகத்தை அளந்து திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. இரவு 9 மணிக்கு அளக்க வேண்டும், முக்கியமாக அப்லோடை. தனி இணைப்புக்கு வழக்கமாக 12 மாத ஒப்பந்தம் கேட்பார்கள். வீட்டுக்காரர் பெயரில் ஏற்கெனவே இருக்கிற இணைப்பை மாதக் கட்டணத்தோடு வாங்கிக்கொள்வது எளிது. மார்ச் முதல் மே வரை மாலையில் திடீர்ப் புயல்மழை அடித்துக் கரண்ட் போகும். கட்டடத்து ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் வராந்தா விளக்குக்கும் மட்டும்தான். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று நம் ஊரிலேயே வாங்கிப்போனால் மீட்டிங் தப்பும்.

புகை, தண்ணீர்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புகைக் காலம். சோளக் காட்டையும் மலைக்காட்டையும் கொளுத்துகிறார்கள். எல்லைக்கு அப்பால் மியன்மாரிலிருந்தும் வருகிறது. நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல இருப்பதாலும், மேலே சூடான காற்று மூடிபோல் அமர்வதாலும் புகை வெளியேற வழியில்லை. மார்ச்சில் உலகத்திலேயே காற்று மோசமான நகரங்களின் வரிசையில் முதலிடத்துக்குப் போகிற நாட்கள் உண்டு. பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற 24 மணி நேர அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். தாய்லாந்தின் சொந்த அளவு 37.5. மோசமான நாளில் இரண்டையும் பல மடங்கு தாண்டும். இதில் எந்த ஏரியா பரவாயில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஏரியாவும் ஒரே கிண்ணத்தில்தான். மாறுவது அறை.

அறைக்குள் வெளிக்காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, ஊதுபத்தியை ஏற்றி, ஏசியை அணைத்து, நெளியும் புகையை ஜன்னல் சட்டம், கதவடி, ஏசிக் குழாய் போகும் ஓட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே தள்ளப்படுகிறதோ அங்கே ஓட்டை. சறுக்கு அலுமினிய ஜன்னல்கள் நடுவில் ஒழுகும். நுரை நாடாவை ஒட்டினால் சரியாகும். குளியலறை எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒட்டியதெல்லாம் வீண். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்க இழுக்க, வெளிப்புகை ஏதாவது ஓர் இடுக்கு வழியாக வந்தே தீரும். சுவரில் மாட்டிய ஏசி வெளிக்காற்றை இழுப்பதில்லை, வடிகட்டுவதும் இல்லை. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வாங்கும்போது பெட்டியில் சிஏடிஆர் எண்ணை, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதைப் பாருங்கள். 30 சதுர மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் 78 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுற்றிவர 390 வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்ன உருளைகள் அதில் பாதிகூட வராது, அதுவும் முழு வேகத்தில் இரைந்தால்தான்.

இதைவிடச் சுலபமான தீர்வு அந்த மூன்று மாதம் அங்கே இல்லாமல் இருப்பது. ரிமோட் வேலைக்காரர்களுக்கும் கிடைக்கும், 2024 ஜூலையில் வந்த டிடிவி விசா ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தருகிறது. விசா ஐந்து வருஷம் செல்லும், வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் நுழைந்தால் 180 நாள் ஜனவரிக் கடைசியில் முடியும். புகை தொடங்குவதற்குள் கிளம்பிவிடலாம். ஆறு மாத வாடகை ஒப்பந்தமும் கச்சிதமாகப் பொருந்தும். ஆகஸ்டில் அறைகள் காலியாக இருப்பதால் நவம்பர் விலை சொல்ல மாட்டார்கள்.

ஆகஸ்டில் நுழைகிறவர் கவனிக்க வேண்டியது தண்ணீர். 2024 செப்டம்பர் கடைசியில் பிங் ஆறு ஒருமுறை கரை தாண்டியது. அக்டோபர் முதல் வாரம் மறுபடி வந்து நவரத் பாலத்தில் 5.30 மீட்டரைத் தொட்டது, இதுவரை அளந்ததிலேயே அதிகம். சாங் க்லான், வாட் கேட், நாங் ஹோய் போன்ற ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. நிம்மான் பக்கம் மேடு. ஆற்றோரத்தில் அறை பிடித்துப்போனால் கீழ்த்தளச் சுவரில் தண்ணீர்க் கறையைத் தேடுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் எதிர்க்கடைச் சுவரைப் பாருங்கள். நான்காவது மாடியில் நீங்கள் நனைய மாட்டீர்கள். கீழே இருக்கும் மின் பலகையும், தண்ணீர் மோட்டாரும், நிறுத்திய ஸ்கூட்டரும் நனையும்.

அறை பார்க்கப் போகும்போது

ஆகவே முதல் பத்து நாளுக்கு எங்காவது ஒரு சாதாரண அறை போதும். இணையத்தில் பார்த்து ஆறு மாதத்துக்குக் கட்டிவிடாதீர்கள். அட்வான்ஸ் இரண்டு மாதம், முதல் மாத வாடகை என்று மூன்று மாதப் பணம் போய் உட்காரும். பிடித்த அறையை இரண்டு முறை பாருங்கள், ஒருமுறை இரவு 9 மணிக்கு, ஒருமுறை நீங்கள் ஆழ்ந்து தூங்கப் போகிற நேரத்தின் நடுவில். இரண்டாவது முறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஏசியை அணைத்து, பேசாமல் இருபது நிமிஷம் உட்கார வேண்டும். கூட வந்த தரகர் பேசிக்கொண்டே இருப்பார்; அவரைக் கீழே அனுப்பிவிடுங்கள். நியூயார்க் ஆள் விடிகாலை 4 மணிக்கு அந்தச் சந்தில் ஒருமுறை நடந்தும் பார்க்க வேண்டும். ஓஎம்ஆரில் நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்குக் கம்பெனி வண்டி வாசல்வரை வரும். இங்கே வாடகை மேசை தரும் கோவொர்க்கிங் இடத்திலிருந்து திரும்புவது உங்கள் பாடு. பகலில் கடைவாசலில் சுருண்டு கிடக்கும் சந்து நாய்கள் அந்த நேரத்தில்தான் எல்லை காக்கும். தாய்லாந்தில் வெறிநோய் இன்னும் இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் டிஎம் 30 பதிவு செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய பதிவு அது. வரிக்குப் பயந்து மழுப்புகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் பின்னால் எந்தக் குடியேற்ற வேலைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக விலை பேசும்போது வரவேற்பு மேசைப் பெண் உங்களை முதலில் மலை தெரியும் அறைக்குத்தான் கூட்டிப்போவார். அது வேண்டாம், வடக்குப் பக்கம், முடிந்தால் எதிர்க் கட்டடச் சுவரைப் பார்த்த அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக அது காலியாகத்தான் இருக்கும்.